இரவு வகுப்பும் பகல் நீதிமன்றமும்

கேள்வி: எனக்கு வயது 41. நியூ ஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பிலிருந்து காலி செய்துபோன ஓர் அம்மாளுக்கு வீட்டு உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் சட்டத்தைத் தேடிப் படித்து, அவர் பெயரில் அனுப்ப ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் பணம் வந்துவிட்டது. அன்றிலிருந்து சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் விடமாட்டேன் என்கிறது.

மூன்று கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, ரயிலில் 40 நிமிடத் தொலைவு. வாரத்தில் நான்கு மாலை வகுப்புகள், நான்கு ஆண்டுப் படிப்பு. இரண்டாவது, வேறு மாநிலத்தில் உள்ளது, பெரும்பகுதி இணையவழி. ஆண்டுக்குச் சில முறை நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். ‘நடைமுறைப் பயிற்சிக்கே முதலிடம், உங்கள் வசதிக்கேற்ற நேரம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். மூன்றாவது கலிபோர்னியாவிலிருந்து முழுக்க இணையத்தில் நடப்பது; கட்டணம் மிகவும் குறைவு, ஆனால் அமெரிக்க பார் அசோசியேஷனின் (வழக்கறிஞர் சங்கத்தின்) அங்கீகாரம் இல்லை. வேலையை விடாமல் படிக்க முடியுமா? இரண்டாவது கல்லூரியின் விளம்பரத்தை நம்பலாமா? 45 வயதில் புதிதாக வரும் வழக்கறிஞருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கணவரிடம் கேட்டால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்.

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாவது கல்லூரியை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம். கலிபோர்னியாவின் விதிகள் தனி. அங்கே அங்கீகாரமில்லாத கல்லூரியில் படித்தாலும், முதலாண்டு முடிவில் ‘பேபி பார்’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு கடினமான தேர்வைத் தாண்டி, பிறகு பார் தேர்வு, அதாவது வழக்கறிஞர் உரிமத்துக்கான தேர்வு, எழுதலாம். கல்லூரிக்கே போகாமல் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நான்கு ஆண்டு படித்துத் தேர்வு எழுதவும் அந்த மாநிலத்தில் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் தொழில் செய்யப்போவது நியூ ஜெர்சியில். இங்கே பார் தேர்வு எழுத, அமெரிக்க பார் அசோசியேஷன் (இனி ஏ.பி.ஏ.) அங்கீகரித்த கல்லூரியின் ஜே.டி. என்ற சட்டப் பட்டம் வேண்டும். கட்டணம் குறைவு என்பதற்காக, உங்கள் ஊர் நீதிமன்றக் கதவைத் திறக்காத பட்டத்தை வாங்கி என்ன செய்வது?

மீதி இரண்டும் கவனித்துப் பார்க்க வேண்டியவை. பேசுவதற்கு எனக்கு என்ன தகுதி என்றால், நானும் இந்த வழியாக வந்தவன். 36 வயதில், தரவுத்தள நிர்வாகியாகப் பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் சேர்ந்து, நான்கரை ஆண்டுகளில் முடித்தேன். இப்போது வீட்டு வாடகை வழக்குகளும் சிறு வணிக ஒப்பந்தங்களுமே என் பிழைப்பு.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது விளம்பரத்தின் அந்த இரண்டு பாதிகள். ‘நடைமுறைப் பயிற்சி’ ஒன்று, ‘வசதிக்கேற்ற நேரம்’ இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல வாக்குறுதிகள். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். சட்டத் தொழிலின் நடைமுறை எங்கே நடக்கிறது? நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில், கட்சிக்காரரின் எதிரே. அவையெல்லாம் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இயங்குகின்றன. அந்த நேரத்தில் நீங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பீர்கள். வகுப்பை இரவுக்கு மாற்றிவிடலாம், நீதிபதியை மாற்ற முடியாது. ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்காக நடத்தப்படும் எந்தக் கல்லூரியும் இந்த முரண்பாட்டுக்கு ஒரு விடை வைத்திருக்க வேண்டும். அந்த விடை என்ன என்று விசாரிப்பதுதான் உங்கள் வேலை.

என் கல்லூரியிடம் நல்ல விடை இருக்கவில்லை. பெயர் வேண்டாம். கையேட்டில், மாணவர்கள் உண்மையான வழக்குகளைக் கவனிக்கும் ஆறு சட்ட உதவிக் கிளினிக்குகள் இருந்தன, ‘மாலை மாணவர்களும் சேரலாம்’ என்ற வரியும் இருந்தது. சேரப் போனபோதுதான் தெரிந்தது, எனக்குப் பிடித்த கிளினிக் செவ்வாயும் வியாழனும் பகல் ஒரு மணிக்குக் கூடும் என்பது. விண்ணப்பிக்க யாரும் தடை சொல்லவில்லை, வரத்தான் முடியவில்லை. விளைவு என்னவென்றால், பட்டமும் உரிமமும் கையில் வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்துக்கு முதன்முதலாகப் போன அன்று, பிரதிவாதி தரப்பு எந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. வாய்தா கேட்க என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பாதி வழக்குகள் நீதிபதியிடம் போகாமல் வராந்தாவில் நின்றபடியே பேசி முடிக்கப்படுகின்றன என்றும் தெரியாது. நிலச் சொத்து பற்றிய 300 ஆண்டுப் பழைய ஆங்கிலேய விதி ஒன்றை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். நீதிமன்ற எழுத்தர் ஒருவர் இரக்கப்பட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் உட்காரவைத்தார்.

இந்த நிலை என் ஒருவனுடைய கதையோ, மாலை வகுப்பின் குறையோ மட்டும் கிடையாது. அமெரிக்கச் சட்டக் கல்வியே அப்படித்தான் வளர்ந்தது. 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக லாங்டெல் பொறுப்பேற்றபின், மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்கவைத்து, வகுப்பில் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைக்கும் முறை நிலைபெற்றது. மூளையைக் கூர்மையாக்க அது அருமையான முறை. ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் கட்சிக்காரர் அழுவதில்லை, பொய் சொல்வதில்லை, ரசீதைத் தொலைப்பதில்லை. 1992இல் ஏ.பி.ஏ.வின் மக்கிரேட் அறிக்கையும், 2007இல் கார்னகி அறக்கட்டளையின் அறிக்கையும் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டின. அதன் பிறகுதான் ‘நடைமுறைக்குத் தயார்’ என்ற சொல் எல்லாக் கல்லூரிகளின் வாசலிலும் தோரணமாகத் தொங்கத் தொடங்கியது.

தோரணத்தை வைத்து வீட்டை எடை போட வேண்டாம். ஏ.பி.ஏ. விதிப்படி அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவருக்குக் குறைந்தது ஆறு கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) செயல்வழிப் படிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். பட்டத்துக்கு வேண்டிய மொத்தம் குறைந்தது 83 கிரெடிட். அந்த ஆறையும் கொடுத்துவிட்டு ‘நாங்கள் நடைமுறையில் முதலிடம்’ என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தச் செயல்வழிப் படிப்பு மூன்று வகை. மாதிரிப் பயிற்சி ஒன்று: வகுப்புத் தோழர்தான் சாட்சி, ஆசிரியர்தான் நீதிபதி, வழக்கு கற்பனை. இதை இரவிலும் நடத்தலாம், இணையத்திலும் நடத்தலாம். இரண்டாவது கிளினிக். கல்லூரியே நடத்தும் ஒரு சிறு வழக்கறிஞர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கட்சிக்காரர், உண்மையான கெடு, தவறினால் உண்மையான இழப்பு. மூன்றாவது, வெளியே ஒரு நீதிபதியிடமோ அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலோ போய்ச் செய்யும் களப் பயிற்சி. விதியைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். கற்றுக்கொள்வதில் ஒன்றல்ல. மாதிரிப் பயிற்சியில் குறுக்கு விசாரணையின் இலக்கணம் பிடிபடும். ஆனால் முன்பணத்தைப் பறிகொடுத்த அந்த அம்மாள் உங்கள் எதிரே உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் வீட்டு உரிமையாளரின் மருமகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவே புகுந்து ‘சாவியை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்?’ என்று மனம் நோகாமல் கேட்கும் வித்தை, ஆளைப் பார்த்துச் செய்தால்தான் வரும்.

ஆகவே இரண்டு கல்லூரிகளுக்கும் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சென்ற ஆண்டு பட்டம் பெற்ற பகுதி நேர மாணவர்களில் எத்தனை பேர் கிளினிக்கில் உண்மையான கட்சிக்காரருடன் வேலை செய்தார்கள்? ‘சேரலாமா’ என்று கேட்காதீர்கள், ‘சேர்ந்தார்களா’ என்று கேளுங்கள். எண்ணிக்கை சொல்லத் தயங்கினால் அதுவே பதில். சொன்னால், அடுத்த கேள்வி: அந்தக் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடுகிறது? நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாளில் பகல் வேலைக்காரர் என்ன செய்கிறார்?

இதற்கு யோசித்து விடை கண்டுபிடித்த கல்லூரிகள் இருக்கின்றன. சிறு வணிகங்களுக்கு நிறுவனப் பதிவும் ஒப்பந்தமும் எழுதித் தரும் கிளினிக் என்றால் நீதிமன்ற நேரம் தேவையில்லை. கட்சிக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு மாலையில்தான் வருவார். வரிப் பிரச்சினை, குடிவரவு விண்ணப்பம், உயில் போன்றவற்றையும் மாலையிலும் வார இறுதியிலும் ஓரளவு நடத்த முடியும். நியூ ஜெர்சியில் பல நகராட்சி நீதிமன்றங்கள் மாலையிலும் அமர்கின்றன. சம்பளம் பெறும் களப் பயிற்சிக்குக் கிரெடிட் கொடுக்கக் கூடாது என்றிருந்த தடையை 2016இல் ஏ.பி.ஏ. நீக்கிவிட்டது, ஆனால் அதை அனுமதிப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்யும். உங்களுக்கு இது முக்கியம். உங்கள் நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு இருக்கும் அல்லவா? கடைசி ஆண்டில் ஆறு மாதம் அங்கே மாற்றிக்கொண்டு, அதற்குக் கிரெடிட்டும் வாங்க முடிந்தால், சம்பளமும் போகாது, பயிற்சியும் போகாது.

இனி அந்த இன்னொரு பாதிக்கு, ‘வசதிக்கேற்ற நேர’த்துக்கு வருகிறேன்.

ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு 50 நிமிட வகுப்பும், அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் என்பது ஏ.பி.ஏ. கணக்கு. 83 கிரெடிட்டை எட்டு செமஸ்டரில் முடிக்க, செமஸ்டருக்குப் பத்துக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். பத்து என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பு 8 மணி 20 நிமிடம், படிப்பு 20 மணி நேரம். வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல். உங்கள் வேலை 40 மணி நேரம் என்றால் இரண்டும் சேர்ந்து 68. நாளுக்கு ஏழு மணி நேரம் தூங்கினால் வாரத்தில் மிச்சம் 51 மணி நேரம். அதில்தான் ரயில், சமையல், துணி, பிள்ளைகளின் பள்ளிக் கூட்டம், காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம். இணையவழிக் கல்லூரியானாலும் இந்தக் கணக்கு மாறாது. இணையம் மிச்சப்படுத்துவது பயணத்தை மட்டுமே.

இணையவழி என்று சொல்வதிலும் இரண்டு வகை. பதிவு செய்த பாடத்தை நள்ளிரவிலும் பார்க்கலாம் என்பது ஒன்று. செவ்வாய் இரவு எட்டு மணிக்குக் கேமராவை இயக்கி உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் உங்களுக்கு இடத்தில்தான் வசதி, நேரத்தில் வசதி இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் இரண்டையும் கலந்து நடத்துகின்றன. எது எத்தனை பங்கு என்று கேளுங்கள். நேரில் தங்க வேண்டிய வாரங்களின் தேதிகளை இரண்டாண்டுக்கு முன்கூட்டியே தருவார்களா என்றும் கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் அது வந்து விழுந்தால், விடுமுறைக்காக மேலாளர் முன்னால் போய் நிற்பது நீங்கள்தான், கல்லூரி முதல்வர் அல்ல.

இணையவழி என்றாலே தரம் குறைவு என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மினசோட்டாவில் இன்று மிட்செல் ஹாம்லைன் என்று அழைக்கப்படும் கல்லூரி 2015 ஜனவரியிலேயே ஏ.பி.ஏ. அனுமதியுடன் பாதி இணையம், பாதி நேரடி என்ற படிப்பைத் தொடங்கியது. 2023இல் விதியே தளர்ந்து, சிறப்பு அனுமதி இல்லாமலே பாதிக் கிரெடிட்டுகள் வரை இணையத்தில் நடத்தலாம் என்றானது. மிட்செல் ஹாம்லைனின் முன்னோடியான மாலைப் பள்ளியில்தான் வாரன் பர்கர் 1931இல் சட்டம் முடித்தார். பகலில் அவர் ஆயுள் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தார். 1969இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனார். காப்பீட்டுத் துறையிலிருந்து வரும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆனால் அவர் சேர்ந்தபோது இருபது வயதை ஒட்டியவர், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே தீர்ப்பு படிக்க வேண்டிய நிலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

‘வேலையை விடாமல் முடியுமா’ என்றால், முடியும். முழு நேர மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற பழைய ஏ.பி.ஏ. விதிகூட 2014இல் போய்விட்டது. பகுதி நேரத்தாருக்கு அது என்றுமே பொருந்தியதில்லை. படிப்பை 84 மாதங்களுக்குள், அதாவது ஏழு ஆண்டுக்குள் முடித்தால் போதும் என்பது பொது விதி. நான்கு ஆண்டு என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஐந்தாக்கிக்கொள்ள அந்தக் கல்லூரி இடம் தருகிறதா என்று கேளுங்கள். என் வகுப்பில் நின்றுபோனவர்களில் மூளை போதாமல் போனவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் முதலாண்டில், எந்தப் பாடத்தையும் தள்ளிப்போட முடியாத கட்டத்தில், வீட்டில் ஏதோ ஒன்று நேர்ந்து போனவர்கள்.

அதனால்தான் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற உங்கள் கணவரின் பதில் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. அன்பான சொல்தான், மறுக்கவில்லை. என் மனைவியும் அதையேதான் சொன்னார். இரண்டாவது செமஸ்டரில், ஒரு புதன்கிழமை இரவு, சிங்க் நிறையப் பாத்திரத்தைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் தனித்தனியே அந்தச் சொல்லின் பொருளைப் புரிந்துகொண்டோம். மகனை நீச்சலுக்கு அழைத்துப் போவது யார், செவ்வாய் இரவுச் சமையல் யார், காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பது யார் என்று பெயரோடும் கிழமையோடும் ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு வேறொரு தாள் வேண்டும். சட்டக் கல்லூரியில் பெரும்பாலான பாடங்களுக்குச் செமஸ்டர் நடுவே மதிப்பெண் கிடையாது. கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் எல்லாமே.

அந்த மதிப்பெண்ணும் தனி மனிதரின் திறமைக்கு மட்டும் கிடைப்பது அன்று. முதலாண்டில் பெரும்பாலும் ‘வளைவு’ முறை: எத்தனை பேருக்கு முதல் தரம், எத்தனை பேருக்கு இரண்டாம் தரம் என்பது முன்பே வரையறுத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு உதவித்தொகை தருவதாகச் சொல்வார்கள். ‘இந்தச் சராசரிக்குக் கீழே போகாதவரை’ என்று ஒரு நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கலாம். வளைவுப்படி பாதி வகுப்புக்கு அந்தச் சராசரி எட்டாது என்றால், அந்தப் பணம் ஓராண்டுப் பரிசுதான். நிபந்தனை உதவித்தொகையை எத்தனை பேர் இழந்தார்கள் என்பதை ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ‘509 அறிக்கை’ என்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்கு விதிகளை 14 ஆண்டுகளாகப் படிக்கும் உங்களுக்கு அந்த அறிக்கையைப் படிக்க நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பார் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் இதேபோல் கல்லூரிகள் வெளியிடுகின்றன. படித்து முடித்துத் தேர்வு எழுதியவர்களில் 75 விழுக்காட்டினர் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும் என்பது அங்கீகாரத்துக்கான கீழ்வரம்பு. பட்டம் பெற்று பத்து மாதம் கழித்து யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற அட்டவணையும் கிடைக்கும். அதில் ‘வழக்கறிஞர் உரிமம் தேவைப்படும் முழு நேர, நீண்ட கால வேலை’ என்ற வரியை மட்டும் பாருங்கள். மற்ற வரிகளில் கல்லூரிகள் தங்களைத் தேற்றிக்கொள்கின்றன.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு மேற்படிப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பது உச்சவரம்பு. பகுதி நேர மாணவருக்கு ஆண்டு வரம்பு அதற்கேற்பக் குறையும். தனியார் வங்கிக் கடனைத் தொடுமுன் உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஊழியரின் படிப்புச் செலவில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் வரியில்லாமல் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கூடவே, ‘பெற்றபின் இத்தனை ஆண்டு வேலையில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள். (எச்-4 போன்ற, வேலைக்கு வந்தவரின் குடும்பத்தாருக்கான விசாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: படிக்கத் தடையில்லை, சம்பளத்துடன் களப் பயிற்சிக்குப் போகுமுன் வேலை அனுமதி இருக்கிறதா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.)

வயதுக் கேள்விக்கு வருகிறேன். உங்களை யார் எடுப்பார்கள் என்பது நீங்கள் எங்கே கதவைத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் கோடைக்காலப் பயிற்சி வழியாகவே ஆள் எடுக்கின்றன. பத்து வாரம் வேலையை விட்டுவிட்டு வர உங்களால் முடியாது, அந்த வாசல் பெரும்பாலும் மூடியதுதான். அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் காப்பீட்டு வழக்கு நடத்தும் நடுத்தர நிறுவனங்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே புதிதாக வரும் 26 வயதுக்காரருக்கு ஒரு கோரிக்கைக் கோப்பைப் படிக்கக் கற்றுத்தரவே ஓராண்டு ஆகும். நீங்கள் அதைக் காலைத் தேநீருக்கு முன் செய்து முடிப்பீர்கள். நீதிமன்றம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் 14 ஆண்டு அனுபவம் உள்ளவர். ஒரு நெருடல் மட்டும் உண்டு. அந்த அனுபவத்தை விலைக்கு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பில் நிற்பவர்கள். உங்கள் ஆசையோ முன்பணம் இழந்த அம்மாளிடமிருந்து தொடங்கியது. இந்த இரண்டும் எங்கே சந்திக்கும் என்று இப்போதே யோசியுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்த கோரிக்கைகளுக்காக மக்கள் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். மறுப்புக் கடிதம் எப்படித் தயாராகிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் அவர்களுக்குப் பொக்கிஷம்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல். நியூ ஜெர்சியில் குத்தகை முடிந்து 30 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் இரண்டு மடங்கு கேட்டு வழக்குப் போடலாம். அதை எடுத்துக் காட்டியிருப்பீர்கள், அதனால்தான் பணம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் இனி யாராவது அதே உதவி கேட்டு வந்தால், சட்ட உதவி மையத்தின் முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள். உரிமம் இல்லாமல் பிறருக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும் சட்டக் கடிதம் எழுதித் தருவதும் இந்த மாநிலத்தில் குற்றமாகலாம். உரிமம் தருவதற்கு முன் உங்கள் நடத்தையை ஒரு குழு துருவிப் பார்க்கும். அந்த அம்மாளுக்குச் செய்ததை எண்ணித் தூக்கம் கெட வேண்டாம், தொடராதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டில் எது என்று கேட்டால், என் சாய்வு முதல் கல்லூரியின் பக்கம், ஒரே காரணத்துக்காக. மாலைக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களில் பலர் பகலில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும். அன்று காலை நீதிமன்றத்தில் நடந்ததை அன்று மாலையே வகுப்பில் சொல்வார்கள். வகுப்பு முடிந்து வாகன நிறுத்தத்துக்கு நடக்கும் ஐந்து நிமிடத்தில், எந்த நீதிபதி எதற்குக் கோபப்படுவார் என்று சொல்வார்கள். எனக்கு முதல் வேலை கிடைத்தது அப்படி ஒரு நடையில்தான். உங்கள் மாநிலத்திலேயே தொழில் செய்யப்போகிறவருக்கு அந்த அறிமுகம் வேறு மாநிலத்துக் கல்லூரியில் கிடைப்பது கடினம். ஆனால் கிளினிக் பற்றிய கேள்விக்கு இரண்டாவது கல்லூரி தெளிவான எண்ணிக்கையோடு பதில் சொல்லி, முதல் கல்லூரி மழுப்பினால், என் சாய்வைத் தூக்கி எறியுங்கள். சில மாநிலங்கள் 2026 ஜூலை முதல் புதிய பார் தேர்வுக்கு மாறுகின்றன. கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது, பேரம் பேசுவது போன்ற திறன்களையும் அது சோதிக்கிறது. நீங்கள் படித்து முடிக்கும்போது அந்தப் பட்டியல் நீண்டிருக்கும். உண்மையாகவே கைப்பழக்கம் கொடுக்கும் கல்லூரிக்குத் தேர்விலும் இனி பயன் உண்டு.

சேர்வதற்கு எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பல கல்லூரிகள் ஜி.ஆர்.இ. என்ற பொது மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. பலரும் பயந்த புதிர் விளையாட்டுப் பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து எல்சாட்டில் எடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் ஏழு பேரை வட்ட மேசையில் உட்காரவைத்தே எங்களைக் கொன்றார்கள். உங்களுடையது இந்தியப் பட்டம் என்றால், மதிப்பெண் பட்டியல் மதிப்பீட்டுக்குப் போய்வர மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதிப் போடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து, உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வாடகை வழக்குகள் நடக்கும் அறையில் காலையில் போய் உட்காருங்கள். பொதுமக்கள் பார்க்கலாம், அனுமதி தேவையில்லை. மறுவாரம் ஒரு மாலை முதல் கல்லூரியில் கேட்டுக்கொண்டு ஒரு வகுப்பில் உட்காருங்கள். இடைவேளையில் மாணவர்களிடம் பேசுங்கள், குறிப்பாக மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம். முதலாண்டுக்காரர்கள் இன்னும் ஆசையில் இருப்பார்கள், கடைசி ஆண்டுக்காரர்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டிருப்பார்கள். உங்கள் கணவரையும் அந்த மாலை உடன் அழைத்துப் போங்கள். வீட்டுக்குத் திரும்ப இரவு பத்தரை ஆகும். மகன் தூங்கியிருப்பான். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் தாளை அன்றிரவே எழுதத் தொடங்கலாம்.